பொருளின் பெயர்

கோபாலபுரம் செக்போஸ்ட்டில்
மாட்டு லாரிகளுக்குப் பின்னால் என் ஸ்கூட்டர்.
கால் வைக்கும் இடத்தில் மீன்காரரிடம் வாங்கிய
தெர்மாகோல் பெட்டி.
ஐஸுக்கு நடுவில் பதினோரு பை மண்.

ஆறுக்குட்டியின் கடலைக்காட்டில் எடுத்தது.
ஆறு பை எல்லைக்கல்லுக்குக் கிழக்கே, ஐந்து மேற்கே.
செடி பிடுங்கிய குழியில் ஒரு சாண் ஆழம்.
"ரெண்டு பக்கமும் ஒரே கருமண்ணுதானுங்களே,
பேனா மட்டும் எதுக்கு ரெண்டு கலரு?" என்றார்.

இடப்பக்கம் நின்று
யாரோ எதையோ கேட்டிருக்கிறார்.
எனக்கு இடது காது
இருக்கிறது, கேட்காது.
பத்தொன்பது வயதில்
காசம் இரண்டாம் முறை வந்தபோது
இருபத்துநான்கு ஊசி.
"பூஞ்ச ஒடம்பு, தாங்குமா"
என்பாள் வார்டு ஆயா, பஞ்சை அழுத்திக்கொண்டே.
தாங்கியது. இருமல் போனது.
போகும்போது
இடப்பக்கத்துத் தவளைகளையும்
அந்தப் பக்கம் படுக்கும் தங்கையின் ரகசியங்களையும்
எடுத்துக்கொண்டு போனது.

அந்த மருந்து,
மண்ணுக்குள் இழைவிட்டு வாழும்
ஒரு கிருமியின் கைச்சரக்கு.
'முறுக்கிய பூஞ்சை' என்று
கிரேக்கத்தில் அதற்குப் பெயர்.
முறுக்கு நிஜம்.
பூஞ்சை பொய்.

"பெட்டியில எந்தா?"
வலக்காதைத் திருப்பினேன்.
கால்நடை ஆய்வாளர்.
சட்டையில் ஷிபுலால் என்று பட்டை.
"மண்ணு."
"மண்ணோ?"
மண் கடத்துகிறவள் ஸ்கூட்டரிலா வருவாள் என்று
அவருக்கே ஒரு சந்தேகம்.
மண்ணில் என்ன என்றார்.
ஆக்டினோமைசீட்ஸ் என்றேன்.
சொல்லிவிட்டு, வழக்கம்போல,
மன்னிப்புக் கேட்கிற குரலில் விளக்கமும்:
கதிர்ப்பூஞ்சை என்று பொருள்.
அறுக்கிற கதிர் இல்லை, சூரியனுடையது.
பூஞ்சையும் இல்லை, பாக்டீரியா.
"அப்போ பேரில ஒண்ணும் சரியில்லல்லோ."

சிரிக்காமல், பேனாவால் சுட்டினார்.
லாரியிலிருந்து இறக்கி
புளியமரத்தில் தனியே கட்டியிருந்த
செவலைப் பசு.
தாடையில் தேங்காய் அளவு வீக்கம்,
கல்போல.
"கீறினா சீழில மஞ்சப்பொடி வரும்,
ரவை மாதிரி. இதுதானே உங்க ஆளு?"

இதுதான்.
புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.
நூற்றைம்பது வருஷத்துக்கு முன்
எங்கோ ஒரு குளிர்நாட்டில்
இப்படி ஒரு தாடையின் ரவையைக்
கண்ணாடித் தகட்டில் நசுக்கி
லென்ஸில் கண் வைத்தவருக்கு
நடுவிலிருந்து நாலாபுறமும் இழைகள்.
விரிந்ததால் கதிர்.
இழையாய் இருந்ததால் பூஞ்சை.
அதற்குள் உட்கரு இல்லை என்று
பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.
பெயர் அதற்குள் பதிவாகிவிட்டது,
ரேஷன் கார்டில் அமலோல்பவன் என்று
ஆணாகிப்போன
அமலோற்பவம் என்னும் என் பெயரைப் போல.

பசு அசைபோடப் பார்த்தது.
முடியவில்லை.
மறுபடி பார்த்தது.

பதிவேட்டில் 'பொருளின் பெயர்' கட்டம்.
நான் பூஞ்சை, பூஞ்சை என்று சொன்னதில்
எது காதில் விழுந்ததோ,
மலையாளத்தில் 'புஞ்ச மண்ணு' என்று எழுதினார்.
நமக்குப் புஞ்சை, வானம் பார்த்த காடு.
அவர்களுக்குப் புஞ்ச,
முழங்கால் தண்ணீரில் நிற்கும் நெல்.
திருத்தலாமா என்று நான் நிற்க,
பின்னால் லாரி ஹாரன் அடித்திருக்க வேண்டும்.
ஷிபுலாலின் கைதான் சொன்னது.
கையெழுத்துப் போட்டேன்.

சித்தூர் ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தால்
ஐஸ் உருகி
நீலமும் சிவப்பும் கலந்து
நாலு பைகளில் எழுத்தே இல்லை.
எது கிழக்கு, எது மேற்கு?
கேள்விக்குறி போட்டே வளர்த்தேன்.
எட்டாம் நாள்
தட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் பொடிப்பொட்டுகள்,
கோலமாவு சிந்தினாற்போல.
மூடியைத் தூக்கினேன்.
சொட்டு மழை காணாத மார்ச் மாதத்தில்,
ஜன்னல் சாத்திய அறையில்,
முதல் தூறல் வாசம்.
நாலு தட்டிலும் அதே.

நாளை மறுபடி
ஆறுக்குட்டியிடம் போக வேண்டும்.
போகிற வழியில் புளியமரத்தைப் பார்க்க வேண்டும்.
இந்தத் தடவை பென்சில்.